காஸ்திராரே முதல் காயடித்தல் வரை

நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் இளங்கவிஞர் ஒருவர் இன்றைய கல்வித் திட்டத்தைச் சாடும் கவிதையைப் படித்தார். அதில் ‘காயடிக்கப்பட்ட’ என்னும் சொல் மூன்று இடங்களில் வந்தது. ‘பேடி’ என்னும் சொல் ஓரிடத்தில் வந்தது. படித்து முடித்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, பெண்களும் அமர்ந்திருக்கும் அவையில் முதற்சொல் தகாது என்றும், ஆண்டு மலரில் இக்கவிதை இடம்பெறுவதாயின் அச்சொல்லை நீக்கிவிட வேண்டும் என்றும் கூறினார். அரைமணி நேரம் சொற்போர் நடந்தது. இரண்டாம் சொல்லைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அவையிலிருந்த பெண்களுள் ஒருத்தியாகிய நானும் திறக்கவில்லை. மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, அன்று பேசாது விட்டதை எழுதித் தீர்க்கலாம் என்று எண்ணினேன்.

ஐரோப்பிய மொழிகளில் இச்செயலைக் குறிக்கும் சொற்களுள் முதன்மையானது இலத்தீனின் ‘காஸ்திராரே’ என்பதாகும். ஆங்கிலம் இதனைப் பதினேழாம் நூற்றாண்டளவில் ‘காஸ்ட்ரேட்’ என்று வழக்கில் கொண்டது. இதன் அடியில் ‘வெட்டுதல்’ என்னும் பொருளுடைய தொல்வேர் ஒன்று கிடக்கிறது என்பர் மொழிநூலார். அவ்வேரிலிருந்து ‘வெட்டுங் கருவி’ என்னும் பெயரும், அக்கருவியால் செய்யப்படும் வினையும் பிறந்தன. அதே வேர் வடமொழியில் ‘சஸ்’ என்று நின்று ‘சஸ்திரம்’ என்னும் பெயரைத் தந்தது. சஸ்திரம் என்பது வாள், கத்தி முதலிய வெட்டுங் கருவி. மாணவர் பலர் இதனைச் சாஸ்திரத்தோடு மயங்குவர். இரண்டும் வேறு வேறு வேர்களில் பிறந்தவை. அறுவை மருத்துவத்தை ஈழத்துத் தமிழர் ‘சத்திர சிகிச்சை’ என்று வழங்குவதில் இச்சொல் நம்மிடையே உயிரோடு இருக்கிறது. உரோமாபுரி உழவன் காளைக்குச் செய்ததும், யாழ்ப்பாணத்து மருத்துவர் நோயாளிக்குச் செய்வதும் சொல்லளவில் ஒரே கத்தியின் வேலை.

உழவன் என்று நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. இலத்தீன் வழக்கில் இச்சொல் விலங்குக்கு மட்டும் உரியதன்று. மரத்தின் கிளை கழிப்பதையும் அது குறித்தது; தேன்கூட்டிலிருந்து தேனடையை அறுத்தெடுப்பதையும் குறித்தது. இவ்விடங்களில் இழிவின் நிழல் சிறிதும் இல்லை. பயன் கருதிக் கழித்தல் என்பதே பொருள். இழிவு மனிதனைத் தொட்ட பிறகு வந்தது.

இச்சொல்லுக்கு உறவு தேடியவர்கள் பலர். பாசறையைக் குறிக்கும் ‘காஸ்திரா’ என்னும் சொல்லை இதனோடு இணைத்தார் ஏழாம் நூற்றாண்டில் மறைந்த செவில் நகரத்து ஆயர் இசிதோர். பாசறையில் பெண்கள் இல்லை. ஆகவே அங்கே வீரனின் காமம் கழிக்கப்படுகிறது. அதனாலேயே அப்பெயர் என்றார் அவர். நம் பழைய நிகண்டு உரைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இவ்வகை விளக்கத்தின் சுவை புதிதன்று. இன்றைய அறிஞரும் பாசறைக்கும் கத்திக்கும் உறவு இருக்கலாம் என்றே கருதுகின்றனர். ஆனால் காரணம் வேறு: ‘வெட்டிப் பிரிக்கப்பட்ட நிலப்பகுதி’ என்பதே அவர்கள் காட்டும் பொருள்.

மற்றோர் உறவு நமக்கு மிக அருகில் வருகிறது. தூய்மையைக் குறிக்கும் ‘காஸ்துஸ்’ என்னும் இலத்தீன் அடையையும் மொழிநூலார் பலர் இதே வேரில் சேர்ப்பர். குற்றத்திலிருந்து அறுபட்டது, விலகியது என்பது பொருள்வழி. போர்ச்சுக்கீசிய மொழியில் அது ‘காஸ்தா’ ஆயிற்று என்று அகராதிகள் பலவும் கூறும். வேறு பிறப்புக் காட்டுவோரும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் வந்திறங்கிய போர்ச்சுக்கீசியர், இங்கே மக்கள் பிறப்பால் பிரிந்து கிடந்ததைக் கண்டு அதற்கு இட்ட பெயர் ‘காஸ்தா’. அதுவே ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ என்று நின்றது. தூய்மை என்பது எதையோ வெட்டி விலக்கினால்தான் கிட்டும் என்னும் எண்ணம் அச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. பெயரிட்டவர்கள் வேரை அறிந்து இட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எனினும் இப்பிறப்பை முதன்முதலில் படித்த நாளில், நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அமர்ந்திருந்தேன்.

கவிஞர்களுக்கு உரிய பகுதி இனித்தான் வருகிறது. நூலிலிருந்து தகாதவற்றை நீக்குவதற்கும் இச்சொல்லை வழங்கும் மரபு மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த மார்சியால் என்னும் கவிஞர் குறும்பும் கூர்மையும் கலந்த சிறு பாடல்கள் பாடியவர். அவருடைய பாடல்களில் நாணம் இல்லை என்று ஒருவர் குறை கூறுகிறார். பள்ளி ஆசிரியன் வகுப்பில் படித்துக் காட்டத்தக்க பாடல்களை நான் எழுதவில்லை. இவ்வகைப் பாடலின் இயல்பே இதுதான். ஆகவே என் நூல்களைக் காயடிக்க எண்ணாதே என்று அவர் மறுமொழி தருகிறார். நம் வட்டத்தில் அரைமணி நேரம் நடந்த சொற்போர் உரோமில் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பறையில் நின்று பிழைப்பவள் ஆதலால் அந்தப் பள்ளி ஆசிரியன் மீது சற்றே இரக்கமும் வந்தது.

ஆனால் மார்சியாலை அவ்வளவு எளிதில் நம் பக்கத்துச் சான்றாக்கிவிட முடியாது. அவர் காலத்துப் பேரரசன் தொமிசியன் (ஆட்சி கி.பி. 81-96) மனிதரைக் காயடிப்பதைத் தடை செய்தான். அச்சட்டத்தைப் புகழ்ந்து மார்சியால் ஒன்றுக்கு மேற்பட்ட பாடல்கள் பாடினார். விற்பனைக்காகக் குழந்தைகளைக் கெடுத்த வணிகரை அவற்றில் சாடினார். அதே பேரரசனின் அவையில் எயரினுஸ் என்றொரு காயடிக்கப்பட்ட இளைஞன் இருந்தான். அவன் அரசனின் அன்புக்குரியவன். அவனுடைய அழகையும் அவன் கூந்தலை இறைவனுக்குக் காணிக்கையாக்கியதையும் மார்சியால் பாடினார். அக்காலத்து மற்றொரு பெருங்கவிஞராகிய ஸ்தாசியுசும் பாடினார். தடையும் புகழப்பட்டது, தடைக்கு உரியவனும் புகழப்பட்டான். எயரினுஸ் தானே எழுதிய வரி ஒன்றேனும் நம்மிடம் இல்லை. தன் நூல்களுக்கு நேரக்கூடாது என்று கவிஞர் மன்றாடிய அதுவே, அவர் கண்ணெதிரே ஓர் இளைஞனுக்கு நேர்ந்திருந்தது. முன்னதற்கு உவமைச் சொல், பின்னதற்கு அணிச் சொற்கள்!

இங்கிலாந்திலும் இவ்வழக்குத் தொடர்ந்தது. ஹாலின்செட் பெயரால் வழங்கும் வரலாற்றுத் தொகுப்பின் 1587ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அரசு நீக்குவித்த பக்கங்களைப் பிற்காலத்துப் பதிப்பாளர் ‘காயடிப்புகள்’ என்றே பெயரிட்டு வழங்கினர்.

சொல்லொலி எவ்வளவு தூரம் மனிதரை இழுத்துச் செல்லும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பீவர் என்னும் நீர்வாழ் விலங்குக்குக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ‘காஸ்தோர்’ என்று பெயர். அதன் உடலில் மணமுடைய மருந்துப்பொருள் ஒன்று உண்டு, அதற்காகவே வேட்டையாடப்பட்டது. வேடர் துரத்தும்போது அவ்விலங்கு தன் விதைகளைத் தானே கடித்து எறிந்துவிட்டு உயிர் பிழைக்கும் என்று பழையோர் நம்பினர். காஸ்திராரே என்பதனால்தான் காஸ்தோர் எனப்பட்டது என்றும் எழுதிவைத்தார் நாம் முன் கண்ட இசிதோர். இரண்டும் பொய். அம்மணப்பொருள் விதையில் இல்லை, வேறு சுரப்பிப் பைகளில் இருக்கிறது. பெயரும் கிரேக்கத்திலிருந்து வந்தது. கத்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் இடைக்கால விலங்கு நூல்களில், திரும்பிப் பார்த்தபடி தன்னைக் கடித்துக்கொள்ளும் பீவரின் படம் பல நூற்றாண்டுகள் வரையப்பட்டு வந்தது.

அந்தக் காஸ்தோரின் மணப்பொருளுக்குக் கிரேக்கத்தில் காஸ்தோரியோன் என்று பெயர். வடமொழிக் கஸ்தூரி அதிலிருந்து வந்ததாகலாம் என்று சொற்பிறப்பறிஞர் பலர் கருதுவர். நம் வீடுகளில் கத்தூரி மஞ்சளாகப் புழங்குவது அச்சொல்தான். கஸ்தூரிக்கு மேலைநாட்டார் வழங்கும் ‘மஸ்க்’ என்னும் பெயரோ இங்கிருந்து சென்றது. வடமொழியில் ‘முஷ்கம்’ என்றால் விதைப்பை. கத்தூரி மானின் மணப்பை அவ்வடிவில் இருப்பதால் பாரசீகம் வழியாக அப்பெயர் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் பரவியது. ஆக, ஒரு நறுமணத்துக்கு அவர்கள் சொல்லை நாமும் நம் சொல்லை அவர்களும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்! தமிழில் இன்னொரு வியப்பு. ‘விரை’ என்னும் சொல்லுக்கு நறுமணம் என்றும், விதை என்றும், ஆண் விலங்கின் விதை என்றும் மூன்று பொருள்களை அகராதி தருகிறது. இதனைக் கண்டதும் முஷ்கத்தோடு முடிச்சுப்போட என் கை துடித்தது. ஒலி ஒன்றாயிருப்பது உறவாகாது என்று மாணவர்க்குப் போதிப்பவள், அத்துடிப்பை அடக்கிக்கொண்டேன். விரை என்பது விதை என்பதன் மற்றொரு வடிவம். மணத்தைக் குறிக்கும் விரை தனிச்சொல்லாக இருக்கலாம். இசிதோர் செய்த பிழையை முனைவர் பட்டம் பெற்ற பிறகும் செய்யலாகாது அல்லவா?

கத்தியைக் கூறும் சொற்கள் ஒருபுறமிருக்க, கத்தியை மறைக்கும் சொற்கள் மற்றொருபுறம் தோன்றின. கிரேக்கத்தின் ‘யூனுக்கோஸ்’ என்பதற்குப் ‘படுக்கையைக் காப்பவன்’ என்பது பொருள். எபிரேயத்தின் ‘சாரிஸ்’ என்பது அக்காடிய மொழியில் ‘தலைமாட்டில் நிற்பவன்’ என்னும் பொருளுடைய தொடரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அரண்மனை வேலையே அவர்களுக்குப் பெயராயிற்று. உடலுக்கு நேர்ந்தது பெயரில் இல்லை. விவிலியத்தைத் தமிழாக்கியவர்களும் இச்சிக்கலில் அகப்பட்டனர். மத்தேயு நற்செய்தியில் ‘அண்ணகர்’ என்று வெளிப்படையாகவே மொழிபெயர்த்தவர்கள், எத்தியோப்பிய அரசியின் பொக்கிஷத் தலைவனைக் கூறுமிடத்தில் ‘மந்திரி’ என்று கடந்து சென்றனர். பழைய ஏற்பாட்டின் சாரிஸ் பல இடங்களில் ‘பிரதானி’ ஆனான். எபிரேயச் சொல்லே அரசு அலுவலன் என்னும் பொருளையும் தாங்கியது என்பதால் இதனைப் பிழை என்று கூற முடியாது.

சீனத்துச் சொல் நெஞ்சைத் தொடுவது. அங்கே இத்தண்டனைக்கு ‘அரண்மனைத் தண்டம்’ என்று பெயர். தண்டனை பெற்றவனைக் காற்றுப் படாத, கதகதப்பான அறையில் புண் ஆறும்வரை வைத்திருப்பர். பட்டுப்புழு வளர்க்கும் இடத்தைப் போன்ற வெம்மை உடையதால் அதனைப் ‘பட்டுப்புழு அறை’ என்றனர். கி.மு. 98 அளவில் அவ்வறைக்குள் சென்றவர் சீமா சியான். தோற்றுப் பகைவரிடம் சரணடைந்த படைத்தலைவன் லீ லிங் என்பவனுக்காக அரசனிடம் பரிந்து பேசியதே அவர் செய்த குற்றம். இத்தகைய இழிவுக்கு உள்ளாவதைவிட உயிரை விடுவதே மேன்மக்கள் வழக்கம். ஆனால் தந்தை தொடங்கிவைத்த வரலாற்று நூல் முடியவில்லை. நூலுக்காக அவர் வாழத் துணிந்தார். 130 இயல்கள் கொண்ட அந்த ‘வரலாற்றுக் குறிப்புகள்’ சீன வரலாற்று எழுத்துக்கே தாய்நூல் ஆயிற்று. தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அவ்விழிவை நினைக்குந்தோறும் முதுகில் வியர்வை வழிந்து ஆடை நனைகிறது என்று குறிப்பிடுகிறார். எயரினுசுக்குக் கிடைக்காத எழுத்து இவருக்குக் கிடைத்தது.

தமிழ் நிலத்தின் வரலாற்றிலும் இத்தகையோர் இருவரின் அடிச்சுவடு உண்டு. ஒருவர் 1311இல் மதுரைவரை படை நடத்தி வந்த மாலிக் காபூர். 1299 அளவில் குஜராத்தின் காம்பே துறைமுகத்தில் அடிமையாகப் பிடிபட்டு தில்லிக்குக் கொண்டுவரப்பட்டவர். மற்றவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே. 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் பயணங்கள் நிகழ்த்திய இவர், இலங்கையில் ஒரு கல்வெட்டு நிறுவச் செய்தார். 1409ஆம் ஆண்டினது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட அக்கல்லின் தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைப் போற்றி, அவருக்குச் செலுத்திய காணிக்கைகளை அடுக்குகிறது. சிறுவனாகப் போரில் பிடிபட்டுக் காயடிக்கப்பட்ட ஒருவரின் ஆணையால் தமிழ் எழுத்துக் கல்லில் ஏறியது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். காயடித்தல் என்பதில் கத்தி இல்லை, அடித்தல்தான் இருக்கிறது. அது செயல்முறையை அப்படியே கூறுவது. என் தந்தையார் வீட்டில் காளைக்கன்றுகளை ஏருக்குப் பழக்குமுன் காயடிப்பவரை அழைத்து வருவர். கன்றைக் கயிறு கட்டிச் சாய்த்து, விதை நரம்பை இரண்டு கோல்களுக்கு இடையே பிடித்து, தோல் கிழியாதபடி தட்டி நசுக்குவார் அவர். குருதி வெளிப்படாது. கன்று போடும் ஓலம் மட்டும் தெரு முழுவதும் கேட்கும். சிறுமியாகிய நான் அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்வேன். பின்னர்க் கால்நடை மருத்துவர்கள் இத்தாலியரான பர்டிசோ அமைத்த இடுக்கியைக் கொண்டுவந்தனர். அதன் வேலையும் நசுக்குவதே. ஈழத்தில் இதனை ‘நலமடித்தல்’ என்பர். நலம் என்னும் சொல்லை இவ்விடத்தில் கொண்டுவந்து வைத்தவர் யாராயினும், அவர் மங்கல வழக்கில் நம்மினும் தேர்ந்தவர்.

உழவர் வழக்கில் இச்சொற்கள் உடலுக்குச் செய்ததை மட்டுமே கூறுகின்றன. அடிபட்டதற்குப் பிறகு அது எருது. அடிபடாமல் இனத்துக்கு விடப்பட்டது பொலிகாளை. இரண்டுக்கும் தனிப் பெயர், தனி வேலை. எருதை எந்த உழவனும் இழிவாகப் பேசி நான் கேட்டதில்லை. கற்றவர் ஆக்கிய சொல்லாகிய ‘ஆண்மை நீக்கம்’ வந்தபோதுதான் சிக்கல் நுழைந்தது. ஆண்மை என்பது தமிழில் ஆளும் தன்மை. தாளாண்மை, வேளாண்மை என்பவற்றில் எல்லாம் அதுவே நிற்கிறது. உடலின் ஓர் உறுப்புக்கு நேர்ந்ததை ஆளும் தன்மையின் இழப்பாகக் கூறும் இச்சொல், எருதின் முன் நாணி நிற்க வேண்டும். நூற்றாண்டுகளாகத் தமிழரின் வேளாண்மையை முதுகில் சுமந்தது ‘ஆண்மை நீங்கிய’ விலங்குதானே? ஆகவே இளங்கவிஞரின் முதற்சொல்லை நீக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அது சேற்றில் பிறந்த நேர்மையான சொல்.

அவருடைய இரண்டாம் சொல்லைத்தான் நான் ஏற்கவில்லை. பேடி என்பது காயடிக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்லன்று. பிறப்பிலேயே ஆண்பெண் எல்லைக்குள் அடங்காதவரைக் குறித்தது அது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடும் ஒன்று. வள்ளுவரோ பேடியின் கையில் உள்ள வாளை இரண்டு குறள்களில் பயனின்மைக்கு உவமையாக்கினார். அவருக்கு முன்னும் பின்னும் உலக வரலாறு காட்டுவது வேறு. உறுப்பு இழந்தவரின் கையிலேயே பேரரசுகள் வாளைக் கொடுத்து, அதனால் வென்றும் இருக்கின்றன. வள்ளுவரை மறுக்க எனக்குத் தகுதியில்லை. அவர் பேடியைக் கூறினார், நான் கூறுவது காயடிக்கப்பட்டவரை என்பதும் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கி வசைச்சொல்லாக்கியது பிற்காலத்து நாவு. இளங்கவிஞரின் கவிதையிலும் அதுவே நிகழ்ந்தது.

இலக்கண நூலார் இவ்விடத்தில் கவிஞரினும் நிதானமாக நடந்திருக்கிறார்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உயர்திணை, அஃறிணைப் பால்களை வகுத்த உடனே, நான்காம் நூற்பாவில் ஆண்மை திரிந்த பெயரைக் கூறுகிறார். அதற்குத் தனி ஈறு இல்லை. உயர்திணைப் பாலின் ஈறு கொண்டே இசைக்கும் என்கிறார். அதே நூற்பாவில், அதே விதியில் அதனோடு சேர்த்து வைக்கப்பட்டது தெய்வத்தின் பெயர். நன்னூலார் காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில், இச்சொற்கள் அஃறிணை போலவும் வரும் என்னும் இசைவு சேர்ந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் நாவில் என்ன நேர்ந்தது என்பதற்கு இவ்வொரு மாற்றமே போதிய சான்று. உயர்திணையிலிருந்து வழுக்கியவர்களைச் சட்டம் மீட்டெடுக்க நெடுங்காலம் ஆயிற்று. தமிழக அரசு 2008இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது.

பல ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் இந்நூற்பாவை நடத்தினேன். ‘ஆண்மை திரிந்த’ என்று நான் கூறியதும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. மாணவர் பலரும் திரும்பி மூன்றாம் வரிசையில் ஒருவரைப் பார்த்தனர். நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை. பாடம் முடியவேண்டும் என்னும் அவசரத்தில், உரையாசிரியர் கூற்றை விரைந்து கூறி அடுத்த நூற்பாவுக்குச் சென்றேன். தெய்வத்தின் பெயரைப் பற்றிய பகுதியை அன்று நடத்தவே இல்லை. அம்மாணவர் மறுநாள் வரவில்லை. அப்பருவம் முடியும்வரை வரவில்லை. மிக அழகாக அலகிட்டு வெண்பா எழுதக்கூடியவர்.

அதன்பின் அந்நூற்பாவை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் தெய்வப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். அது நிலைபெற்ற பிறகே மற்றதற்கு வருகிறேன். சிரிப்பு எழுவதில்லை. எழுந்தாலும் இப்போது நிறுத்திவிட்டுத்தான் அடுத்த நூற்பாவுக்குப் போகிறேன்.